ஜோர்டானுக்குச் சிறு குழுவாகச் செல்வது தகுமா?

இடிந்த நகரங்களையும் பாலைவனத்தையும் பார்க்க ஜோர்டானுக்குச் செல்ல விரும்புவதாகவும், அறுபது வயதைக் கடந்த பெற்றோரும் உடன் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பேர் செல்லும் பேருந்துக் குழுவை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே செல்லும் சிறு குழுவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா என்பது உங்கள் கேள்வி. தகும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குழு, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவை ஒட்டிய வாடி மூசா ஊரில் குறைந்தது இரண்டு இரவுகளும், வாடி ரம் பாலைவனத்தில் குறைந்தது ஓர் இரவும் தங்க வேண்டும். அப்படித் தங்காத சிறு குழு, பெரிய குழு பார்க்கும் அதே இடங்களை அதே நேரத்தில் அதே நெரிசலில் பார்த்துவிட்டுத் திரும்பும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் சிறிய வண்டியின் வாடகையாக மட்டுமே கழிந்துவிடும்.

இதற்குக் காரணம் சாலைகளில் இருக்கிறது. தலைநகர் அம்மானிலிருந்து தெற்கே செல்ல மூன்று வழிகள் உள்ளன. பாலைவன நெடுஞ்சாலை என்று அழைக்கப்படும் கிழக்குச் சாலை நேரானது. அதில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பெட்ராவை அடைந்துவிடலாம், ஆனால் வழியில் பார்க்க அநேகமாக எதுவும் இல்லை. மேற்கே சாக்கடலின் கரையை ஒட்டி இன்னொரு சாலை செல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, மேட்டு நிலத்தின் முதுகில் ஏறி இறங்கி வளைந்து செல்வதுதான் அரசர் நெடுஞ்சாலை. வணிகக் கூட்டங்களும் படைகளும் புனிதப் பயணிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்த வழி அது. கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட பெரிய பேருந்துக் குழு பெரும்பாலும் கிழக்குச் சாலையையே பிடிக்கும். நடுச்சாலையின் வளைவுகளும் ஊர்களின் குறுகிய தெருக்களும் சிற்றுந்துக்கே ஏற்றவை. ஆகவே குழுவின் அளவு வண்டியைத் தீர்மானிக்கிறது, வண்டி சாலையைத் தீர்மானிக்கிறது, சாலையோ நீங்கள் எந்த நாட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

அரசர் நெடுஞ்சாலையில் ஒரு முழு நாளைச் செலவிட்டால், முதலில் மாதபா ஊரின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் 6ஆம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் தரையில் பதிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்க்கலாம். ஜெருசலேமின் தூண் வரிசைத் தெருவும், சாக்கடலில் செல்லும் படகுகளும், ஜோர்டான் ஆற்றின் மீன்களும் அதில் அடையாளம் தெரிகின்றன. பிறகு வாடி முஜிப் என்ற பெரும் பள்ளத்தாக்கில் சாலை இறங்கி மறுபுறம் ஏறுகிறது. அதன் பின் சிலுவைப் போர்க் காலத்துக் கரக் கோட்டை வரும். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1188இல் அது எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனின் படைகளிடம் வீழ்ந்தது. இன்னும் தெற்கே, தனிக் குன்றின் மேல் நிற்கும் ஷோபக் கோட்டை 1115இல் கட்டப்பட்டது. முற்றுகைக் காலத்தில் தண்ணீர் எடுப்பதற்காக மலையின் உள்ளே குடைந்து இறக்கிய 300க்கும் மேற்பட்ட படிகள் அதில் உள்ளன. உங்கள் பெற்றோர் அந்தப் படிகளில் இறங்க வேண்டாம். இருட்டாகவும் வழுக்கலாகவும் இருக்கும். ஆனால் கோட்டையின் வாயிலில் நின்று சுற்றிலுமுள்ள வறண்ட மேடுகளைப் பார்த்தாலே, ஊற்று இருக்கும் இடத்தில்தான் வரலாறு நடக்க முடிந்தது என்பது விளங்கிவிடும். இந்த நாட்டின் எந்த இடிபாட்டைப் பார்த்தாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டியின் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

பெட்ராவில் அந்தக் கேள்விக்கு மிக அழகான விடை கிடைக்கிறது. நபாத்தியர் என்ற அரேபிய மக்கள், தென் அரேபியாவின் சாம்பிராணியையும் வெள்ளைப்போளத்தையும் மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குக் கொண்டு சென்ற ஒட்டக வணிகத்தால் செழித்து, இந்த மணற்கல் பள்ளத்தாக்கைத் தலைநகராக்கினார்கள். ஊருக்குள் செல்லும் சிக் என்ற மலைப்பிளவு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமானது. அதில் நடக்கும் பெரும்பாலானோர் தலையை மேலே தூக்கியே நடக்கிறார்கள். இடுப்பளவு உயரத்தில் இருபுறச் சுவர்களையும் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாறையில் வெட்டிய வாய்க்கால் ஒன்று தொடர்ந்து வரும். எதிர்ச் சுவரில் சுடுமண் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்த தடம் தெரியும். ஊற்று நீர் இவற்றின் வழியே நகருக்குள் வந்தது. அதே வேளையில், மழைக்காலத்தில் சிக் வழியாகப் பாய்ந்துவிடக்கூடிய வெள்ளத்தைத் தடுக்க அதன் வாயிலில் ஓர் அணை கட்டி, பாறையைக் குடைந்து ஏறத்தாழ 90 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றின் வழியாக வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அந்த அணை அழிந்துபோயிற்று. 1963இல் சிக்கினுள் புகுந்த திடீர் வெள்ளத்தில் 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தனர். அதன் பின்னரே, நபாத்தியர் கட்டிய அதே இடத்தில் புதிய அணை எழுப்பப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பொறியாளரின் முடிவு சரியானது என்று நவீன காலம் ஒப்புக்கொண்ட இடத்தின் மீதுதான் நீங்கள் நடந்து உள்ளே செல்கிறீர்கள். நாற்பது பேரை விரட்டிக்கொண்டு செல்லும் வழிகாட்டிக்கு இதைச் சொல்ல நேரம் இருக்காது என்பதுதான் எனக்குள்ள மனக்குறை.

சிக் முடியும் இடத்தில் நிற்கும் கஸ்னே ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள கல்லறை முகப்பு. கருவூலம் என்று பொருள்படும் பெயர் பிற்காலத்தில் எழுந்த புதையல் கதையால் வந்தது. 2024இல் அதன் அடியில் நடந்த அகழாய்வில் 12 எலும்புக்கூடுகள் கொண்ட கல்லறை ஒன்று கிடைத்தது. அகபா துறைமுகத்திலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிற பேருந்துகள் காலை நடுப்பகுதியில் வந்து சேர்கின்றன. அதிலிருந்து பிற்பகல் வரை கஸ்னேயின் முன்னால் நிற்க இடமிருக்காது. நுழைவாயிலோ காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. வாடி மூசாவில் தங்கியவர் ஆறரை மணிக்குச் சிக்கினுள் நடந்தால் தம் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். நான் இரண்டு இரவுகளை வலியுறுத்துவது இதற்காகத்தான். முதல் நாள் வழிகாட்டியுடன் சிக், கஸ்னே, அரங்கம், தூண் வரிசைத் தெரு, அரச கல்லறைகள் ஆகியவற்றைப் பாருங்கள். அரச கல்லறைகளின் மேல் பிற்பகல் வெயில் விழும்போதுதான் மணற்கல்லின் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் வெளிப்படும். இரண்டாம் நாளைக் குழுவிலிருந்து விடுபட்ட நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் நாளில் பெரும்பாலோர் செல்வது அத்-தெய்ர் என்ற மடாலயத்துக்கு. அதற்கு 800க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினம். கழுதை மீது ஏற்றிச் செல்கிறோம் என்று வழியெங்கும் கேட்பார்கள். தேய்ந்த படிகளின் விளிம்பில் அந்த விலங்குகள் படும் பாட்டையும், கீழே விழுந்தால் பயணிக்கு நேரக்கூடியதையும் எண்ணி, அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் பெற்றோருக்கு நடை இயலாவிட்டால், பயணியர் மையத்திலிருந்து கஸ்னே வரை மின்சார வண்டிகள் ஓடுகின்றன. கஸ்னேயிலிருந்து தூண் வரிசைத் தெரு வரை தரை ஓரளவு சமமானது. மெதுவாக நடந்து, நிழலில் தேநீர் குடித்துத் திரும்பலாம். நடக்கக்கூடியவர்களுக்கு வேறொரு வழி உண்டு: சிறிய பெட்ரா எனப்படும் சிக் அல்-பாரித் பக்கத்திலிருந்து மலைவழியே நடந்து அத்-தெய்ரைப் பின்புறமாக அடைந்து, படிகளை இறங்குவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். இதற்கு உள்ளூர் வழிகாட்டியும், செல்லுபடியாகும் பெட்ரா நுழைவுச்சீட்டும் தேவை. சிறிய பெட்ராவில் ஓர் அறையின் கூரையில் திராட்சைக் கொடிகளும் பறவைகளும் தீட்டிய நபாத்திய ஓவியம் எஞ்சியிருக்கிறது. பேருந்துக் குழுக்கள் அங்கே அதிகம் வருவதில்லை.

தமிழ் வாசகர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ் என்ற வணிகக் கையேடு நம் முசிறியைக் குறிப்பிடுகிறது. செங்கடல் கரையில் உள்ள வெள்ளை ஊர் என்னும் துறைமுகத்திலிருந்து பெட்ராவுக்கு, நபாத்திய அரசன் மாலிக்கஸிடம் செல்லும் வழி இருப்பதாகவும், இறக்குமதிச் சரக்கில் நான்கில் ஒரு பங்கு அங்கே சுங்கமாகப் பெறப்பட்டதாகவும் அதே நூல் சொல்கிறது. பருவக்காற்றில் கப்பல்கள் எகிப்தின் துறைமுகங்களுக்கு நேரடியாகச் செல்லத் தொடங்கியபோது ஒட்டக வழியின் முதன்மை மெல்லக் குறைந்தது. கி.பி. 106இல் ரோமப் பேரரசன் திராஜன் நபாத்திய நாட்டைத் தன் மாகாணமாக்கிக்கொண்டான். 363இல் வந்த நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைச் சாய்த்தது. சேர நாட்டு மிளகை ஏற்றிய கடல்வழியும் பெட்ராவின் ஏற்ற இறக்கமும் ஒரே வணிக வரலாற்றின் பகுதிகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தூண் வரிசைத் தெருவில் நடந்தால், பார்வையே வேறாகிவிடும்.

இனிப் பாலைவனம். வாடி மூசாவிலிருந்து வாடி ரம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ளது. 2011இல் இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டு காரணங்களுக்காகவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. மணலைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் அங்குள்ள பாறைகளில் ஏறத்தாழ 25,000 செதுக்கோவியங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. கஸாலி என்ற குறுகிய பிளவினுள் மனித உருவங்களும் பாதத் தடங்களும் பண்டைய வட அரேபிய எழுத்துகளும் கையெட்டும் உயரத்தில் உள்ளன. தொடாமல் பாருங்கள். பொறிப்புகள் ஏன் சில இடங்களில் மட்டும் குவிந்துள்ளன என்பதற்கும் விடை தண்ணீர்தான். இங்கே மணற்கல் மலைகள் கருங்கல் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மழைநீர் மணற்கல்லின் வழியே கசிந்து இறங்கி, கருங்கல்லைத் தாண்ட முடியாமல், இரண்டும் சேரும் கோட்டில் ஊற்றாக வெளிப்படுகிறது. ரம் ஊருக்கு மேலே அத்தகைய ஊற்று ஒன்றிலிருந்து நபாத்தியர் வெட்டிய கால்வாயின் தடத்தை இன்றும் காணலாம். கீழே அவர்கள் கட்டிய கோயிலின் இடிபாடு இருக்கிறது.

பெரிய குழுக்கள் வாடி ரம்முக்கு இரண்டு மணி நேரத் திறந்த வண்டிச் சவாரிக்காக வந்துவிட்டு, மாலைக்குள் அகபாவுக்குப் போய்விடுகின்றன. ஆறு பேர் அமரும் வண்டிகளில்தான் பாலைவனத்துக்குள் செல்ல முடியும் என்பதால், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு வண்டிகள் போதும்; நாற்பது பேருக்கு ஏழு வண்டிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு செல்ல வேண்டியிருக்கும். முகாமைப் பற்றி முன்பே தெளிவாகக் கேளுங்கள். கண்ணாடிக் குமிழ் வடிவக் கூடாரங்களும் குளிரூட்டியும் விளம்பரத்தில் இருக்கும் முகாம்களில் பல, திஸி ஊரை ஒட்டி, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே அமைந்துள்ளன. ரம் ஊரைச் சேர்ந்த பெதூயின் என்னும் பாலைவனப் பழங்குடிக் குடும்பங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடத்தும் முகாம்கள் எளிமையானவை. உங்கள் பணமும் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களிடமே சேரும். பெற்றோருக்காகக் கூடாரத்தோடு இணைந்த கழிப்பறை வேண்டும் என்று சொல்லுங்கள். சில எளிய முகாம்களிலும் அது கிடைக்கிறது. குளிக்கும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். திஸியின் அடியிலுள்ள பழைய நிலத்தடி நீர் 2013 முதல் ஏறத்தாழ 325 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக அம்மானுக்குச் செல்கிறது. அந்த நீர்ப்படுகையில் புதிதாக ஊறுவது மிகக் குறைவு. ஓட்டுநர் பழைய சக்கரத் தடத்தை விட்டு விலகிப் புதுத் தடம் பதிக்க முயன்றால் வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் பொறுப்பு. செடிகள் அங்கே மீண்டும் முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இரவு உணவுக்கு மணலில் புதைத்த அடுப்பில் இறைச்சியும் காய்கறியும் ஒன்றாக வேகவைக்கும் ஸர்ப் தருவார்கள். இறைச்சி உண்ணாதவர்கள் தனித்தட்டில் வேகவைத்த காய்கறி வேண்டும் என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். இறைச்சியின் கொழுப்பு சொட்டும் கீழ்த்தட்டில்தான் பெரும்பாலும் காய்கறி வைக்கப்படுகிறது. மற்ற இடங்களில் சைவ உணவுக்குக் குறைவில்லை. ஹம்முஸ், ஃபலாஃபெல், சுட்ட கத்தரிக்காய் முத்தபல், அரிசியும் மைசூர்ப் பருப்பும் சேர்ந்த முஜத்தரா, தக்காளி வதக்கலான கலாயத் பந்தோரா ஆகியவை நம் நாவுக்கு எளிதில் பழகிவிடும்.

அம்மானுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள ஜெராஷ், ரோமர் காலத் தூண் வரிசைத் தெருவும் நீள்வட்ட வெளியும் இவ்வளவு முழுமையாக எஞ்சிய அரிய நகரம். தெருக் கற்களில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த பள்ளங்களைக் காணலாம். அதற்கு அரை நாள் போதும். கிழக்கே குஸைர் அம்ரா என்ற 8ஆம் நூற்றாண்டுக் குளியல் மாளிகை, குவிமாடத்தில் வான மண்டலத்தைத் தீட்டிய ஓவியத்துக்காகவே தனிப் பயணத்துக்கு உரியது. ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருந்தால், சாக்கடல் விடுதியில் கழிக்கும் நாளை விட்டுக்கொடுத்து இதைப் பார்க்கலாம் என்பது என் தனிக்கருத்து.

செலவைப் பொறுத்தவரை, ஜோர்டான் பாஸ் என்ற அரசின் சீட்டை நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பெட்ராவில் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்பதற்கேற்ப அதன் விலை 70, 75, 80 தினார் என்று வைக்கப்பட்டுள்ளது. நாட்டில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குவோருக்கு 40 தினார் விசாக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். பெட்ராவுக்குத் தனியாக ஒரு நாள் சீட்டே 50 தினார். ஜோர்டான் பாஸிலோ இரண்டாம் நாளுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஐந்து தினார்தான் என்பதைக் கவனியுங்கள். ஜோர்டானில் இரவு தங்காமல் ஒரு நாளில் வந்து போகிறவரிடம் 90 தினார் வாங்கப்படுகிறது. கட்டண முறையே தங்கிப் பார்க்கச் சொல்கிறது. சிறு குழு ஏற்பாட்டாளரிடம், இந்தச் சீட்டு மொத்தக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்றும், ஒற்றை அறைக்கு எவ்வளவு கூடுதல் என்றும், எத்தனை பேர் சேராவிட்டால் பயணம் இரத்தாகும் என்றும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விமானச் சீட்டு வாங்கிய பிறகு குழு கலைந்துவிட்டால் இழப்பு முழுவதும் பயணியுடையதாகிவிடும்.

மார்ச் பிற்பகுதி முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். கோடையில் வாடி ரம்மிலும் அகபாவிலும் வெப்பம் 40 பாகையை எட்டும். ஜனவரியில் வாடி மூசாவில் பனி விழுவதுண்டு. நவம்பரில் செல்வதானால் மழை முன்னறிவிப்பை நாள்தோறும் பாருங்கள். 2018 நவம்பரில் வந்த வெள்ளத்தின்போது பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. சிக் மூடப்பட்டிருந்தால் காத்திருக்க ஒரு நாள் கையில் இருப்பவர் ஏமாறமாட்டார். அண்டை நாடுகளின் போர்ச் சூழலால் 2024 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் ஜோர்டானின் வான்வெளி தற்காலிகமாக மூடப்பட்டது. ஆகவே தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டையே வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் போர் தொடர்பான விலக்குகளை வரிவரியாகப் படியுங்கள். பல காப்பீடுகள் அத்தகைய இழப்பை ஏற்பதில்லை.

பயணத்தை அகபாவில் முடிக்கும் திட்டத்தையே தேர்ந்தெடுங்கள். வாடி ரம்மிலிருந்து அகபா ஒரு மணி நேரம். அங்கிருந்து அம்மானுக்கு உள்நாட்டு விமானம் உண்டு. அம்மானுக்குத் தரைவழியே திரும்பும் திட்டமானால், பாலைவனத்தில் விழித்தெழுந்த நாளின் பாதி கிழக்கு நெடுஞ்சாலையில் கழிந்துவிடும், உங்கள் பெற்றோருக்கு அது வீண் களைப்பு. பேருந்துக் குழு, சிறு குழு ஆகிய இரண்டு திட்டங்களிலும் இறுதி இரவு எங்கே என்று முதலில் பாருங்கள், பிறகு வாடி மூசாவின் இரவுகளை எண்ணுங்கள். விலையை அதற்குப் பின்னர் ஒப்பிட்டால் போதும்.